அச்சுப்பொறியை உறங்க வைப்பது எப்படி?

எங்கள் பாட்டியிடம் ஒரு சுண்ணாம்பு டப்பி இருந்தது. பித்தளையால் ஆன சிறு டப்பி. வெளியூர் செல்லும் நாளில் அவர் நகைப் பெட்டியைப் பூட்ட மறந்தாலும் மறப்பார். சுண்ணாம்பில் நாலு சொட்டுத் தண்ணீர் விட்டு மூடியை இறுக அழுத்தி வைக்க மறக்கமாட்டார். ஒரே ஒரு முறை மறந்தார். திருச்செந்தூர் சென்று திரும்புவதற்குள் டப்பிக்குள் இருந்தது சுண்ணாம்பு அன்று, கல். காற்றிலுள்ள கரியமில வாயு சுண்ணாம்போடு கூடி அதைக் கால்சியம் கார்பனேட்டாக்கிவிட்டது என்று இன்று வேதியியல் படிக்கும் நான் விளக்கம் சொல்லலாம். பாட்டிக்கு அந்தப் பெயர் தெரியாது. ஆயினும் ஈரம் காத்து வைக்கவேண்டிய பொருளும் உலகில் உண்டு என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. எனக்குத் தெரியாமற் போயிற்று. அதனால் ஓர் அச்சுப்பொறியை இழந்தேன்.

மன்றத் தோழர்கள் பலருக்கு அக்கதை தெரியும். ஞாயிற்றுக்கிழமைதோறும் காடுகோடியில் நம் மன்றத்தார் சிறுவர்க்குத் தமிழ் எழுத்துக் கற்பிக்கிறோம் அல்லவா? கிருஷ்ணகிரியிலிருந்தும் தருமபுரியிலிருந்தும் வேலை தேடி வைட்ஃபீல்டுக்கு வந்த குடும்பங்களின் பிள்ளைகள் அவர்கள். பள்ளியில் கன்னடமும் ஆங்கிலமும் படிப்பார்கள். ஊரிலிருக்கும் தாத்தாவுக்கு ஒரு வரி எழுதத் தமிழ் தெரியாது. அவர்களுக்கான பயிற்சித்தாள்களைக் கடையில் கொடுத்து அச்சிட்டுப் பார்த்தோம். கடைக்காரர் கணினியில் கோப்பைத் திறந்ததும் கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் என்று சிதறி நின்றன. எழுத்துக் கற்பிக்கும் தாளிலேயே எழுத்து உடைந்திருந்தால் என்ன செய்வது? அதனால்தான் என் அறையில் இங்க்ஜெட் அச்சுப்பொறி ஒன்று வாங்கி வைத்தேன். என் தாயார் சீட்டுப் பிடித்துச் சேர்த்த பணம் 12,000 ரூபாய் அதில் முடங்கியது.

2024 ஏப்ரல் தொடக்கத்தில் இளங்கலைத் தேர்வு முடிந்தது. சிவகாசிக்கு இரவு வண்டி. புறப்படும் அவசரத்தில் பிள்ளைகளுக்கான கடைசித் தாளை அச்சிட்டேன். தாள் வெளியே வந்து விழுந்த கணமே சுவரில் இருந்த சுவிட்சை அணைத்தேன். ‘சுவிட்ச அமத்திட்டியா?’ என்று கேட்டுக் கேட்டு வளர்த்த தாய்க்கு மகள் வேறு எப்படி இருப்பாள்? சூலையில் திரும்பினேன். பொறி விளக்கு எரிந்தது, உருளை சுழன்றது, தாள் நகர்ந்தது, எல்லாம் ஒழுங்காகவே நடந்தன. தாள் மட்டும் வெள்ளையாகவே வெளிவந்தது.

ஏன் அப்படி ஆயிற்று என்பதை அறிய, அப்பொறியின் தலைக்குள் நடப்பதைச் சிறிது பார்க்கவேண்டும். அச்சுத்தலை என்பது தாளின்மேல் இடமும் வலமும் ஓடும் ஒரு சிறு பெட்டி. அதன் அடிப்பகுதியில் நூற்றுக்கணக்கான நுண்துளைகள் உள்ளன. ஒரு துளையின் குறுக்களவு ஏறத்தாழ 20 மைக்ரான். நம் தலைமயிர் ஒன்றின் தடிமன் 70 மைக்ரான் அளவில் இருக்கும் எனக் கொண்டால், மயிரிழை நுழையாத வாயில் அது. அவ்வாயிலிலிருந்து தெறிக்கும் துளியின் அளவோ சில பிக்கோலிட்டரே. ஒரு லிட்டரை இலட்சம் கோடிப் பங்காக்கி அதில் ஒரு பங்கை எடுத்தால் அதுவே ஒரு பிக்கோலிட்டர்.

அத்துளியைத் தெறிக்க வைக்க இரண்டு வழிகள் வழக்கத்தில் உள்ளன. ஒன்று வெப்பத்தால். 1977-இல் சப்பானின் கேனன் நிறுவனத்து ஆய்வாளர் இச்சிரோ எண்டோ, மை நிறைந்த ஊசியின்மேல் சூடான பற்றவைப்புக் கோல் தற்செயலாகப் பட, ஊசிமுனையிலிருந்து மை பீறிட்டதைக் கண்டார். அவ்விபத்தே ஒரு தொழிலுக்கு வித்தாயிற்று. அமெரிக்காவில் எச்.பி. நிறுவனமும் தனியாக இதே வழியைக் கண்டு, 1984-இல் ‘திங்க்ஜெட்’ என்ற பொறியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. துளையின் பின்னால் உள்ள மிகச் சிறு சூடேற்றி, நொடியில் இலட்சத்தில் ஒரு பங்கிற்கும் குறைவான நேரத்தில் ஏறத்தாழ 300 பாகைக்குச் சூடாகிறது. மையில் ஓர் ஆவிக்குமிழி தோன்றி வீங்குகிறது. துளி வெளியே எறியப்படுகிறது. மற்றொரு வழி அழுத்தத்தால். சில படிகங்களை அழுத்தினால் மின்சாரம் தோன்றும் என்பதை 1880-இல் கியூரி உடன்பிறப்புகள், யாக்கும் பியேரும், கண்டறிந்தனர். அதன் மறுபுறமும் உண்மை: மின்சாரம் தந்தால் படிகம் வடிவம் மாறும். அந்த நெளிவு மை அறையைப் பிசைந்து துளியை வெளியேற்றுகிறது. எப்சன் பொறிகள் இவ்வழியைச் சார்ந்தவை.

எவ்வழியாயினும், துளையின் வாயில் மை எப்போதும் காற்றை எட்டிப் பார்த்துக்கொண்டு நிற்கிறது. அங்கேதான் தொல்லை.

மையில் பெரும்பகுதி தண்ணீரே. அதில் சாயமோ நிறமியோ கலந்திருக்கும். சாயம் என்பது தண்ணீரில் உப்புப் போலக் கரைந்துவிடுவது. நிறமி, மஞ்சள்தூள் போலக் கரையாமல் மிதப்பது. இவற்றோடு கிளிசரின் இனத்தைச் சேர்ந்த சில நீர்மங்களையும் சேர்ப்பர். அவை ஈரத்தைப் பிடித்து வைப்பவை. ஆனாலும் துளைவாய் வறண்ட காற்றில் நெடுநேரம் திறந்து கிடந்தால் தண்ணீர் முதலில் பறந்துவிடும். எஞ்சியது பாகாகும். பாகு நாளடைவில் பொருக்காகும். வெப்பப் பொறியாயின் காய்ந்த மை சூடேற்றியின் மீதே கருகிப் படியவும் கூடும். அழுத்தப் பொறியில் வேறொரு வகைக் கேடு உண்டு: மை வற்றிய இடத்தில் காற்றுக்குமிழி புகுந்தால், படிகம் எவ்வளவு பிசைந்தாலும் குமிழிதான் சுருங்கி விரியுமே ஒழிய மை நகராது. காற்றடைத்த பையைக் குத்துவது போலத்தான்.

ஆனால் பொறியை ஆக்கியவர்கள் இதை அறியாதவர்கள் அல்லர். அச்சிடாத நேரத்தில் தலை போய் அமர்வதற்கென்று வலது ஓரத்தில் ஒரு தொட்டில் வைத்திருக்கிறார்கள். அதில் மென்மையான இரப்பர் விளிம்பு கொண்ட ஒரு மூடி உண்டு. தலை வந்து அமர்ந்ததும் மூடி மேலெழுந்து துளைகள் அனைத்தையும் காற்றுப் புகாமல் பொத்திக்கொள்கிறது. மூடிக்குள் இருக்கும் சிறிதளவு வெளி விரைவில் நீராவியால் நிறைந்துவிடும். பிறகு மையிலிருந்து வெளியேறும் ஈரமும் மைக்குத் திரும்பும் ஈரமும் சமமாகிவிடுமாதலால் உலர்வது ஏறக்குறைய நின்றுவிடுகிறது. பாட்டியின் டப்பி மூடியும் இதுவும் ஒன்றே.

அம்மூடியைத் தலை சென்றடைய மின்சாரம் வேண்டும்! பொறியின் மேலுள்ள பொத்தானை அழுத்தி நிறுத்தினால், அது உடனே அணைவதில்லை. தலையைத் தொட்டிலுக்குக் கொண்டுபோய் மூடி, அதன் பிறகே விளக்கை அணைக்கிறது. சுவர் சுவிட்சை அணைத்தாலோ தலை நின்ற இடத்திலேயே நின்றுவிடும். நான் செய்தது அதுதான். துளைகள் திறந்தபடி மூன்று திங்கள் காற்றில் கிடந்தன.

அந்தக் காற்று எத்தகையது என்பதையும் சொல்லவேண்டும். சென்னையில் பிற்பகலிலும் காற்றில் ஈரப்பதம் பெரும்பாலும் மிகுதியாகவே இருக்கும். கடல் அருகே உள்ளது. பெங்களூரு கடலிலிருந்து தொலைவில், ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் மேட்டுநிலத்தில் இருக்கிறது. மார்ச்சுத் திங்களின் பிற்பகல்களில் இங்கே ஈரப்பதம் முப்பது விழுக்காட்டை ஒட்டி இறங்கிவிடும். மொட்டை மாடியில் வடகம் ஒரே நாளில் காய்கிறதே என்று நம் விடுதித் தோழியர் மகிழ்வதுண்டு. வடகம் காயும் காற்றில் மை மட்டும் காயாதிருக்குமா? 2024 ஏப்ரலோ இன்னும் கொடியது. மழை என்பதே இல்லை. வெப்பம் 38 பாகையைத் தாண்டியது. நகரெங்கும் தண்ணீர்த் தட்டுப்பாடு.

பொறி இறந்தது முழுதும் வறட்சியால் என்றும் சொல்லிவிட முடியாது. கொன்றதில் பாதிப் பங்கு என் அறிவீனத்துக்கு உண்டு. அடைப்பை நீக்க, குளியலறைக் குழாயிலிருந்து வெந்நீர் பிடித்து அச்சுத்தலையில் விட்டேன். வைட்ஃபீல்டின் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? 1882-இல் டி. எஸ். ஒயிட் என்பாரின் முயற்சியால், மைசூர் மன்னர் சாமராச உடையார் அளித்த நிலத்தில், ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் உழுது வாழ்வதற்கென்று உருவான சிற்றூர் இது. அன்று கிணறும் ஏரியும் போதுமாயிருந்திருக்கலாம். இன்று கண்ணாடி மாளிகைகளும் அடுக்கு வீடுகளும் நிறைந்த இவ்வூரின் பல பகுதிகள் ஆழ்துளைக் கிணற்றையும் டாங்கர் லாரியையும் நம்பியிருக்கின்றன. நம் வாளிகளின் விளிம்பில் வெள்ளை வெள்ளையாகப் படிகிறதே, அதே கால்சிய உப்பை நான் 20 மைக்ரான் துளைக்குள் ஊற்றினேன். சில வகைச் சாயங்கள் கால்சியத்தோடு சேர்ந்தால் கரையாமல் திரிந்துவிடவும் செய்யும். வேதியியல் மாணவிக்கு இது தெரியாதா என்று கேட்காதீர்கள். தேர்வுத்தாளில் கேட்டிருந்தால் பத்து மதிப்பெண்ணும் வாங்கியிருப்பேன்.

மெட்ரோ ஏறி, மெசெஸ்டிக்கில் மாறி, சிக்கபேட்டையில் இறங்கி, எஸ். பி. சாலையில் கடை கடையாகக் கேட்டேன். புதிய அச்சுத்தலையின் விலை பொறியின் விலையில் முக்கால் பங்கு. பழுது பார்க்கும் பெரியவர் ஒருவர் தலையைத் திருப்பிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் என் கையிலேயே கொடுத்துவிட்டார். அதன்பின் இரண்டு திங்கள் நாம் அனைவரும் கார்பன் தாள் வைத்துக் கையால் ‘ணகர’மும் ‘றகர’மும் எழுதியது உங்களுக்கு நினைவிருக்கும். அந்த இரண்டு திங்களில் நான்கு பிள்ளைகள் வகுப்பை விட்டு நின்றனர். தாள் இல்லாததுதான் காரணம் என்று உறுதியாகச் சொல்ல இயலாது. ஆனால் எனக்கு உறுத்துகிறது.

இப்போதுள்ள பொறி, மைத்தொட்டி உடையது. அதில் பாதிப் பணம் மன்றத்தாருடையது. ஆகவே வரும் தைத் திங்களில் ஆய்வேட்டுப் பணிக்காக ஆறு திங்கள் நான் காரைக்குடி மின்வேதியியல் ஆய்வகத்துக்குச் செல்லவிருப்பதால், அதைக் கட்டி வைப்பது எப்படி என்று மன்றக் கூட்டத்தில் கேள்வி எழுந்தது. ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். தோழர் ஒருவர் அன்பு மிகுதியால், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா செல் பொட்டலம் ஒரு கைப்பிடி கொண்டு வந்தே கொடுத்துவிட்டார். நிழற்படக் கருவிக்கு அது அமுதம், இங்க்ஜெட்டுக்கு நஞ்சு. நெல், மிளகாய், புளி, ஓலைச்சுவடி என்று நாம் சேமித்து வைக்கும் பொருள்கள் எல்லாம் உலர்ந்திருக்கவேண்டியவை. அதனால் ‘எடுத்து வை’ என்றாலே ‘காய வைத்து எடுத்து வை’ என்றே நம் மனம் பொருள் கொள்கிறது. இங்கே அம்மனப்பான்மையைத் திருப்பிக்கொள்ளவேண்டும். இது சுண்ணாம்பு டப்பியின் சாதி, வெற்றிலையின் சாதி.

என் தந்தையார் சிவகாசியில் ஆப்செட் அச்சகத்தில் பொறி ஓட்டுநர். அந்த ஊருக்கு வறண்ட காற்றே வாழ்வு கொடுத்தது. தீப்பெட்டியும் பட்டாசும் அங்கே வேரூன்றியதற்கு மழை குறைந்த வானிலை ஒரு காரணம். தீப்பெட்டிக்கு ஒட்டும் படம் அச்சிடத் தொடங்கியதுதான் பின்னர் நாட்காட்டியும் குறிப்பேடுமாகப் பெருகியது. அவரிடம் தொலைபேசியில் கேட்டேன். “மெஷின நிறுத்துறதுன்னா சும்மாவா தாயி? தீவாளி லீவுக்கு நாலு நாள் நிப்பாட்டணும்னாலே எங்களுக்கு அரை நாள் வேலை,” என்றார். உருளைகளையும் இரப்பர்ப் போர்வையையும் கழுவவேண்டும். அச்சுத்தகட்டைப் பிசின் நீர் தடவி மூடவேண்டும், இல்லையேல் காற்றுப் பட்டுக் கெடும். அவர்கள் மை எண்ணெய் மை; அது ஆவியாகி உலர்வதைக் காட்டிலும் காற்றிலுள்ள உயிர்வளியோடு கூடி இறுகுவதே மிகுதி. திறந்த டின்னில் பால் ஆடை போல அது ஏடு கட்டும். எங்கள் மை தண்ணீர் மை, முறை வேறு. ஆயினும் நிறுத்துவதும் ஒரு வேலை என்பது இரண்டுக்கும் பொது.

அந்த வேலையை நான் செய்த வரிசையிலேயே சொல்கிறேன்.

புறப்பட ஒரு வாரம் இருக்கையில் துளைச் சோதனைத் தாள் ஒன்றை அச்சிடவேண்டும். நான்கு நிறங்களிலும் கோடுகள் அறுபடாமல் வரவேண்டும். அறுந்திருந்தால் பொறியிலேயே உள்ள தூய்மை முறையை அப்போதே இயக்கிச் சரிசெய்துவிட வேண்டும். ‘வந்து பார்த்துக்கொள்ளலாம்’ என்பது கூடாது. உறங்கி எழுந்த அடைப்பு ஒருநாளும் தானே திறந்ததில்லை. மைத்தொட்டி கீழ்க்கோட்டுக்கு மேலே நன்றாக இருக்கவேண்டும். மை வற்றினால் குழாய்க்குள் காற்று ஏறிவிடும். மேல்கோட்டைத் தாண்டியும் ஊற்றலாகாது. சிலர், மை காய்ந்துவிடுமே என்று அஞ்சி மைப்பெட்டிகளைக் கழற்றித் தனியே வைப்பர். அது தவறு. கழற்றிய வாயில் வழியே காற்றுத்தான் புகும். மைப்பெட்டியோடு அச்சுத்தலையும் ஒட்டியே வரும் வகைப் பொறிகள் சில உள்ளன. அவற்றைக் கழற்றியே தீரவேண்டிய நிலை வந்தால், இறுக மூடும் டிபன் டப்பாவில் ஈரப்பஞ்சு ஒன்றோடு வைக்கலாம். பஞ்சு துளைகளையோ செப்புத் தகடுகளையோ தொடக்கூடாது.

அடுத்து அந்த இரப்பர் மூடி. எல்லாப் பாதுகாப்பும் அதன் விளிம்பில் இருக்கிறது. ஒரு மயிரிழை, சிறிது பஞ்சு, காய்ந்த மைக் கட்டி எதுவாயினும் அங்கே ஒட்டியிருந்தால் மூடி மூடினாலும் மூடாததே. நூல் பிரியாத மென்துணியைக் காய்ச்சி வடித்த நீரில் நனைத்து விளிம்பை மெல்லத் துடைத்தேன். மூடிக்குள் இருக்கும் சிறு பஞ்சில் அந்நீரையே இரண்டு மூன்று சொட்டு விட்டேன். இது என் பொறியின் கையேட்டில் இல்லை. பாட்டியின் டப்பியில் இருந்து எடுத்தது. காய்ச்சி வடித்த நீர் மின்கல வேலைக்கென்று கடைகளில் கிடைக்கும். குழாய் நீர் வேண்டாம் என்பதை என் செலவில் கற்றுவிட்டேன். நீங்கள் மறுபடி கற்கவேண்டாம். ஸ்பிரிட்டும் வேண்டாம். நிறமி மையில் அது பட்டால் மிதந்துகொண்டிருக்கும் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகக் கூடும்.

தாள் தட்டில் தாள் விடலாகாது. ஈரம் குடித்து நெளிந்துவிடும். பிறகு பொத்தானை அழுத்தி நிறுத்தவேண்டும். உள்ளே தலை ஓடிச் சென்று ‘கடக்’ என்று அமரும் ஓசை கேட்கும். விளக்கு அணையும் வரை காத்திருந்து, அதன் பிறகே மின்கம்பியைப் பிடுங்கவேண்டும். நடுவில் மின்சாரம் போய்விட்டால்? வைட்ஃபீல்டில் அதற்குக் குறைவில்லை. மின்சாரம் வந்ததும் ஒருமுறை இயக்கி, மறுபடி பொத்தானாலேயே நிறுத்தினால் தலை தன் வீடு சேர்ந்துவிடும். இந்த ஒன்றை மட்டும் நினைவில் வைத்து மற்றவற்றையெல்லாம் மறந்தாலும் பொறி ஓரிரு திங்கள் தாங்கும்.

பெட்டியில் வைப்பதாயின் நிமிர்ந்த நிலையிலேயே வைக்கவேண்டும். மைத்தொட்டிப் பொறியைச் சாய்த்தால் மை வழியும். தொட்டிக்கும் தலைக்கும் இடையே அடைக்கும் திருகு உள்ள பொறியாயின், தூக்கிச் செல்லும்போது அதைத் திருப்பிவிடவேண்டும். பாலிதீன் உறை போடலாம், சிலிக்கா செல் போடலாகாது. பரண் கூடாது, கோடையில் கூரையின் வெப்பம் அங்கேதான் தங்கும். தரையும் கூடாது, மழைக்காலத்து ஈரமும் எறும்பும் வரும். அலமாரியின் நடுத்தட்டே நல்லது. தாள் நுழையும் வாயை ஒரு துணியால் மூடிவிடுங்கள். சென்ற ஆண்டு என் தோழியின் பொறிக்குள் பல்லி ஒன்று குடித்தனம் நடத்தியது. அதைச் சொல்லப் புகுந்தால் இன்னொரு கட்டுரையாகும்.

திரும்பி வந்ததும் அவசரம் வேண்டாம். முதலில் சோதனைத் தாள். கோடுகள் அறுந்திருந்தால் தூய்மை முறையை இரண்டு மூன்று முறைக்கு மேல் தொடர்ந்து இயக்கவேண்டாம். ஒவ்வொரு முறையும் மை உறிஞ்சப்பட்டு, பொறியின் அடியிலுள்ள கழிவு மைத்திண்டில் போய்ச் சேர்கிறது. திண்டு நிறைந்தால் பொறி வேலைநிறுத்தம் செய்துவிடும். இரண்டு முறை இயக்கி, ஓர் இரவு விட்டுவிடுங்கள். உள்ளிருந்து வரும் புது மையே பழைய பொருக்கை ஊறவைத்துக் கரைக்கும். மறுநாள் மீண்டும் பாருங்கள்.

ஆறு திங்களுக்கும் மேல் என்றால்? விளம்பரப் பதாகை அச்சிடும் பெரிய பொறிகளில் மையை முழுதும் வெளியேற்றி, கழுவும் நீர்மத்தை நிரப்பி உறங்க வைப்பர். நம் வீட்டுப் பொறியில் அதைச் செய்யப் போனால் தொட்டியிலுள்ள மை அனைத்தும் வீண், திண்டும் நிறையும், திரும்பி வந்து மறுபடி நிரப்பும்போது காற்றுப் புகும் அச்சமும் உண்டு. எண்ணிப் பார்த்துவிட்டு அதைக் கைவிட்டேன்.

மேலே சொன்ன யாவும் முடித்து, பொறியைப் பெட்டிக்குள் இறக்கும் வேளையில் தந்தையார் மறுபடி அழைத்தார். எல்லாவற்றையும் பெருமையோடு சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “எல்லாஞ் சரி தாயி. ஆறு மாசம் எதுக்கு அது சும்மா கெடக்கணும்? ஓடுற மெஷினுக்கு என்ன கேடு?” என்றார்.

எனக்கு நாணமாக இருந்தது. வாரம் ஒரு தாள் அச்சிட்டால் துளைகளில் புது மை வந்து நிற்கும். உலர நேரமே இராது. பொறி செய்வோரும் அவ்வப்போது அச்சிடுங்கள் என்றுதான் சொல்கிறார்கள். ஒரு தாளுக்குச் செலவாகும் மை, ஒரு தூய்மை முறைக்குச் செலவாகும் மையினும் குறைவு. பெட்டி தேடி, பஞ்சு தேடி, காய்ச்சி வடித்த நீர் தேடி அலைந்த நான், ஓர் ஆளைத் தேடவில்லை. விடுதித் தோழர்களிடம் விட இயலாது. விடுதியில் அச்சுப்பொறிக்கு இசைவில்லை. ஆகவேதான் பூட்டி வைப்பது ஒன்றே வழி என்று கூட்டத்தில் முடிவு கட்டிவிட்டோம்.

நம் வகுப்புக்கு வரும் சிறுமி ஒருத்தியின் தாயார் காடுகோடியில் தையல் வேலை செய்கிறார். தருமபுரிப் பக்கத்து அக்கா. அவரிடம் சென்று கேட்டேன். “மெஷினு வெச்சிருக்கிறவளுக்கு மெஷினப் பாத்துக்கத் தெரியாதா கண்ணு? வாரம் ஒருக்கா எண்ணெய் விடறதில்லையா நானு?” என்றார். தம் தையற்பொறியின் பக்கத்திலேயே ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு இடம் ஒதுக்கினார். பொத்தானால்தான் நிறுத்தவேண்டும், சுவர் சுவிட்சை முதலில் தொடக்கூடாது என்று மூன்று முறை சொன்னேன். மூன்றாம் முறை அவர் சிரித்துவிட்டார்.

வாரந்தோறும் அச்சிட ஒரு பக்கம் அமைத்துக் கொடுத்தேன். கருப்பு மட்டும் ஓடினால் மற்ற மூன்று நிறத் துளைகளும் காய்ந்துவிடுமாதலால் நான்கு வரிகள், நான்கு நிறங்கள்: கருப்பில் உயிரெழுத்து, நீலத்தில் வல்லினம், செந்நீலத்தில் மெல்லினம், மஞ்சளில் இடையினம். முதல் தாளைச் சிறுமியே எடுத்துப் பார்த்தாள். இடையினம் கண்ணுக்கே தெரியவில்லை, யார் படிப்பார்கள் என்று கேட்டாள். வெள்ளைத் தாளில் மஞ்சள் எழுத்து! அவள் சொன்னது சரிதான். இடையினத்தைக் கருப்புக்கு மாற்றி, மஞ்சளுக்கென்று அடியில் ஆவாரம்பூ ஒன்று வரைந்து கொடுத்திருக்கிறேன்.